மாட்டின் நெற்றியில் இருந்த பொட்டு

அப்பாவுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கியிருக்க வேண்டும். அன்பு இருக்கத்தான் செய்கிறது, எங்கே போய்விடப்போகிறது? ஆனால் இன்று கோபம் முந்திக்கொண்டது. போய்ச் சேர்ந்தவர்களிடம் சண்டை போடக் கூடாதாம், சொந்தக்காரர்கள் புத்தி சொல்கிறார்கள். உயிரோடு இருந்தபோது மட்டும் நீ சண்டை போட விட்டாயா?

உன் வருஷாப்திகம் போன வாரம் முடிந்தது. வந்தவர்கள் வடை பாயசத்தைப் புகழ்ந்த கையோடு உன் ரசனையையும் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். அவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போன உன் ஆயில் பெயிண்டிங்கை நான் விற்றுவிட்டேன். ஆமாம், அதேதான். வைக்கோல் பரப்பிய தொழுவம், ஒரு பழுப்பு மாடு, இரண்டு ஆடுகள், கொஞ்சம் கோழிகள், மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் ஒரு வாத்து. ஏதோ ஒரு பங்களாவைக் காலி செய்தபோது ஏலத்தில் எடுத்து வந்தாய். எந்த வெள்ளைக்காரன் வரைந்தானோ, நம் மந்தைவெளி வீட்டு ஹாலுக்கு அதுதான் எஜமான்.

வெயில் பட்டால் நிறம் வெளுக்கும் என்று தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாய். சாம்பிராணிப் புகை படியும் என்று அம்மாவின் சுவாமி படங்களைச் சமையலறை அலமாரிக்குத் துரத்தினாய். கத்திரி வெயிலில் அம்மா வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்பாள். அந்த மாடு சௌக்கியமாக இருக்கும். ஒரு நாளாவது உனக்கு உறுத்தியதா அப்பா?

அந்த மாட்டுப் பொங்கலைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும். வருஷா வருஷம் அம்மா பின் தெருவில் பால்காரர் வீட்டு மாட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பொங்கலும் பழமும் கொடுத்துவிட்டு வருவாள். அந்த வருஷம் முழங்கால் வீங்கிப் படி இறங்க முடியவில்லை. கொஞ்சம் கைபிடித்து அழைத்துப் போகச் சொல்லி உன்னிடம் கேட்டாள். நீ பேப்பரை இறக்கவே இல்லை. அவளும் என்ன செய்வாள்? ஹாலுக்கு வந்தாள், குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்தாள், உன் படத்து மாட்டின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். கீழே தரையில் ஒரு வாழைப்பழத்தையும் வைத்துக் கும்பிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. உனக்குச் சாமி வந்தது.

"அறிவிருக்காடி உனக்கு? இது என்ன படம்னு தெரியுமா?" என்று தெருவே கேட்கும்படி கத்தினாய். பிறகு என் அலமாரியிலிருந்து நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்து, பஞ்சில் கொட்டி, நெற்றியைத் தேய்த்தாய். "அப்பா, வேண்டாம், ஈரத்துணியாலே தொட்டு எடு" என்று நான் சொன்னது உன் காதில் ஏறவில்லை. முதலில் பஞ்சு சிவந்தது. அப்புறம் பழுப்பாயிற்று. கையை எடுத்தபோது மாட்டுக்கு நெற்றி இல்லை, வெறும் துணி தெரிந்தது.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், பதற்றத்தில் செய்தாய். பிறகு நீ செய்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. படம் பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் அந்த வெள்ளைத் திட்டைக் காட்டி, "என் மனைவியின் பக்தி! பொட்டு வச்சே ஒரு மாட்டை அழிச்சுட்டா" என்று சொன்னாய். அவர்கள் சிரிப்பார்கள். அந்த நேரம் பார்த்து அம்மா காபித் தட்டோடு வருவாள். நீதானே அழித்தாய் என்று நான் எத்தனை முறை கேட்டேன்! "நீ சின்னப் பொண்ணு, உனக்குத் தெரியாது" என்று வாயை அடைத்தாய். எனக்கு அப்போது கல்யாணமே ஆகிவிட்டிருந்தது, அப்பா.

வாங்க வந்தவர்கள் அடையாறில் பழைய படங்கள் சேர்க்கிற ஒரு தம்பதி. உனக்குத் தெரிந்தவர்கள்தான். அந்தப் பெண்மணி வாசலில் செருப்பைக் கழற்றியதும், "இதானே மாமி பொட்டு வச்சு அழிச்ச மாடு? அங்கிள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரே!" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. உரக்கக்கூட இல்லை.

"பொட்டு வச்சது நான். தோலை உரிச்சது அவர்."

காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் இதைப் பற்றி அவள் பேசியது அவ்வளவுதான். அந்தப் பெண்மணியின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நீ உட்காரும் நாற்காலியைப் பார்த்து எனக்கு ஒரு கணம் அழுகை வந்தது. நீ அதில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்க வேண்டும் என்றுதான்.

விலை படிந்ததும் அவள் கணவர், "படத்தோட ஹிஸ்டரிய எழுதி, ஃபேமிலில யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பின்னாடி ஒட்டிடறோம். நாளைக்கு யார் கைக்குப் போனாலும் கலெக்டர்ஸ் அதைத்தான் மொதல்ல பார்ப்பாங்க" என்றார். எனக்குக் கசக்குமா என்ன? எங்கே வாங்கியது, எங்கே மாட்டியிருந்தது, எல்லாம் எழுதினேன். கடைசியில் எழுதினேன்: 'மாட்டின் நெற்றியில் குங்குமம் வைத்தவர், உரிமையாளரின் மனைவி. நெயில் பாலிஷ் ரிமூவரால் தேய்த்து வண்ணத்தை அழித்தவர், உரிமையாளர்.' உன் பெயரை இனிஷியலோடு, பட்டத்தோடு போட்டேன்.

அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"மனுஷர் போயாச்சு. இன்னும் என்னத்துக்குடி இதெல்லாம்?"

"உண்மைதானேம்மா?"

"உண்மைதான்." தாளைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "அவருக்குப் பேரு, பட்டம் எல்லாம் போட்டிருக்கே. மனைவின்னு மொட்டையா இருக்கே. அவளுக்குப் பேர் கிடையாதா?"

நான் அடித்துவிட்டு எழுதினேன்: விசாலாட்சி. அதையும் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

படத்தைத் தூக்க வந்த ஆள், "இன்னாம்மா, மாட்டுக்கு நெத்தியில இன்னா ஆச்சி?" என்று கேட்டார். அவரிடமும் சொன்னேன். இனி யார் கேட்டாலும் சொல்வேன். கேட்காதவர்களிடமும் சொல்வேன். கல்யாண வீட்டிலோ கச்சேரியிலோ, உன் திவசத்துக்கு வந்து இலையில் உட்கார்ந்திருக்கும்போதோ, உன் பழைய வேடிக்கையை யாராவது எடுத்தால், அங்கேயே நிறுத்தி, என் அம்மாவின் பெயரைச் சொல்லித் திருத்துவேன். இது உனக்கு நான் செய்து தரும் சத்தியம்.

இப்படிக்கு,
விசாலாட்சியின் பெண்,
உனக்கும் பெண்தான்,
ராதா