சுவரோரத்து ஆவாரையின் தாய் வழி

இன்று காலை புது ஷூ வாங்கப் போனேன். பெட்டியைத் திறந்ததும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று உருண்டு விழுந்தது. கடைக்காரர் அதைக் குப்பையில் போடப் போனார். "ஐயோ, போடாதீங்க!" என்று நான் கத்திய கத்தலில் கடையே திரும்பிப் பார்த்தது. நீ கூட இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

நேற்று ரிசல்ட் வந்துவிட்டது, தோழி! முடிவை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைப் படிக்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியாதா? அதனால் முறையாகச் சொல்கிறேன்.

அப்போது நாம் எம்.எஸ்சி. கடைசி வருஷம். ஆம்பூரில் மூடிக்கிடந்த தோல் ஷாப் ஒன்றின் பின்சுவர் நெடுக ஆவாரஞ்செடி மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. அதன் பட்டையைப் போட்டுத்தான் ஒரு காலத்தில் அங்கே தோலைப் பதப்படுத்தினார்கள். "இது நம்ம மலைச் செடி இல்லடி. பட்டைக் கட்டோட காயும் சேர்ந்து வந்து, உதிர்ந்து முளைச்சது" என்றாய். இதோ ஆலங்காயம் மலை கண்ணெதிரே இருக்கிறது, வெளியூரில் போய் எதற்குத் தேட வேண்டும் என்றேன் நான். தோற்றவள் பிரியாணி வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? இலையைப் பச்சையாக்கும் பசுங்கணிகத்துக்குள் தனியாக ஒரு டி.என்.ஏ. இருக்கிறதே, அது பெரும்பாலான செடிகளில் மகரந்தம் வழியாக வருவதில்லை. தாய்ச்செடியிடமிருந்து விதையோடுதான் வருகிறது. நீ அதைச் சொன்ன விதம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை: "அப்பனைத் தேனீ தூக்கிட்டு வந்துடும். அம்மா வண்டி ஏறித்தான் வரணும்."

உன் அப்பா தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். பட்டை லாரிகள் ஜாஸ்தி மைசூர்ப் பக்கமிருந்துதான் வந்தன என்றார். அங்கேயும், மலையிலும், சுவரோரத்திலும் இலை பறித்தோம். இலைகளைக் காய வைக்க, ஷூ கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்த உன் அக்கா அங்கே ஒதுக்கிப் போட்ட சிலிக்கா ஜெல் பொட்டலங்களைக் கேட்டு வாங்கி வந்து கொடுத்தார். உன் அப்பா ஒவ்வொரு செடியிலும் ஒரு இலையைக் கடித்துப் பார்த்து, துவர்ப்பு அதிகமுள்ளதாக, முற்றியதாகப் பொறுக்கினார். "இதாம்மா நல்ல சரக்கு!" நாமும் தோல் ஷாப் தெருவில் வளர்ந்தவர்கள்தானே, தலையாட்டிக்கொண்டே அள்ளினோம்.

லேபில் டி.என்.ஏ. டீக்கசடு மாதிரி பழுப்பாக வந்து நின்றது. நான் அழாத குறை. நீ குழாயைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தாய்: "தோலையே பதம் பண்ற துவர்ப்புடி! டி.என்.ஏ.வ மட்டும் சும்மா வுடுமா?" பிறகு மூன்று இடத்துக்கும் மறுபடி அலைந்து, துவர்ப்பு ஏறாத கொழுந்தாகப் பறித்தோம். "கொழுந்துல இன்னா இருக்குது, ஒண்ணுக்கும் ஆவாது" என்று உன் அப்பா கடைசி வரை முனகிக்கொண்டேதான் வந்தார்.

அந்தக் கொழுந்தைச் சோதிக்கும் முன்பே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. எனக்குக் கொழுந்தைப் போட்டு வைத்த பெட்டியைத் தொடவே மனசு வரவில்லை. இங்கே வேலூரில் லேப் வேலை கிடைத்தபோதும் இலை உறைகளைப் பிரிக்காமலேயே தூக்கி வந்தேன். பொட்டலங்களை மட்டும் அவ்வப்போது மாற்றிக்கொண்டிருந்தேன். அதற்குள் ஆம்பூரில் சுவரை இடித்து குடோன் கட்டிவிட்டார்கள். ஒரு செடி மிச்சமில்லை. இனி உன் கேள்விக்குப் பதில் இருந்தால் அது அந்தப் பெட்டிக்குள்தான். இலை கெட்டுப்போயிருந்தால் உன் கேள்வியும் உன்னோடு போனதுதான். அந்தப் பயத்திலேயே காலம் ஓட்டினேன்.

போன மாதம் துணிந்து உறைகளைப் பிரித்தேன். இலை பச்சையாக இருந்தது, அடியே, பச்சையாக! டி.என்.ஏ. தெளிவாக வந்தது. அதன் எழுத்து வரிசையைப் படித்துத் தர அனுப்பிவிட்டு, சோறு தண்ணி இறங்காமல் காத்திருந்தேன்.

மலைச் செடியும் சுவர்ச் செடியும் சில இடங்களில் எழுத்து மாறுகின்றன. அதே இடங்களில் சுவர்ச் செடியும் மைசூர்ப் பக்கத்துச் செடியும் அச்சு அசலாக ஒன்று! சுவரோரத்தில் ஒன்றிரண்டு ஆலங்காயத்து ஜாடையில் இருந்தன, அதையும் மறைக்க மாட்டேன். மற்றதெல்லாம் வண்டி ஏறி வந்த அம்மாக்களின் பிள்ளைகள். ஜெயித்துவிட்டாய், போ!

கடையிலிருந்து நேரே ஆம்பூருக்கு பஸ் ஏறினேன். பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும் பார்சல் வாங்கிக்கொண்டு உன் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். உன் அப்பா பார்சலைப் பிரித்தார்.

"அப்ப கொழுந்துலதான் இருந்துச்சா?" என்றார்.

"ஆமாம்ப்பா."

ஒரு வாய் எடுத்து வைத்தவர் என் முகத்தைப் பார்த்தார். "தோத்தவ யாராச்சும் இப்படிச் சிரிப்பாங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்துச் சுவர் இடுக்கில் ஏதோ ஒரு செடி முளைத்திருந்தது. பெயர் தெரியவில்லை. உன்னைப் போலவே குனிந்து, "உங்கம்மா எந்த வண்டில வந்தா?" என்று கேட்டேன். கொழுந்தாக ஓர் இலையைக் கிள்ளி, காலையில் கிடைத்த பொட்டலத்தோடு சேர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.