விமானப் படம் போட்ட பொத்தான்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முதுகு வலி குறைந்ததா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் ஒளிந்து எழுதுகிறேன். விடுதி மிஸ் பார்த்தால் தொலைந்தேன்.

இன்று ஞாயிறு வீடியோ அழைப்பில் என் முகம் வராததால் பயந்திருப்பாய். ஒன்றுமில்லை. மிஸ்ஸின் லேப்டாப்பில் வைஃபை நின்றுவிட்டது. "நெட் போயிடுச்சு, எல்லாரும் கிளம்புங்க" என்றார். எனக்கு முன்னால் நின்ற ஆறாம் வகுப்புக் குட்டி அழுதாள். அதனால்தான் வாயைத் திறந்தேன்.

"மிஸ், நீங்க துணியால தொடச்சப்ப விமானப் படம் போட்ட பொத்தான் அமுங்கிடுச்சு. அதுலதான் வைஃபை அணைஞ்சிருக்கு."

"அப்ப என் மேலதான் தப்புங்கிறியா?"

"பொத்தான் மேலதான் மிஸ்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"பெரிய இன்ஜினியரு. எங்க, நீயே போடு பார்ப்போம்" என்று மிஸ் நகர்ந்து உட்கார்ந்தார்.

மறுபடி அமுக்கினேன் அம்மா. வைஃபை வந்தது, திரையில் குட்டியின் அப்பாவும் வந்தார். அவள் பேசி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டதால் என் முறை போனது.

இனி ஞாயிறுதோறும் நான்தான் லேப்டாப்பைப் போட வேண்டுமாம். முதல் அழைப்பு உனக்குத்தான். தலையணைக்கு உன் பழைய புடவையில் உறை தைத்து அனுப்பு, இங்கே கொடுத்தது குத்துகிறது. மிஸ்ஸிடம் நானே பேசினேன் என்று அப்பாவிடம் மறக்காமல் சொல். செருப்புச் சத்தம் கேட்கிறது.

உன் மகள்