ஓம் அம்மா

பீலெஃபெல்ட்,
4 மார்ச் 2024

அன்புள்ள பென்ஜமின் அண்ணைக்கு,

நாங்கள் சுகம். மன்னார் வெயில் உங்களை வாட்டக்கூடாது என்று மாதாவை மன்றாடுகிறேன். போன கடிதத்துக்குப் பதில் போடாத கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வேலையில் ஒரு சிக்கல், அண்ணை. எங்கள் முதியோர் இல்லத்தில் கசகஸ்தானில் இருந்து வந்த, ரஷ்ய மொழி பேசி வளர்ந்த ஜெர்மன் இனத்தவரான லிடியா ஷ்மிட் என்றொரு அம்மா இருக்கிறார். எண்பத்து மூன்று வயது. உதட்டுச் சாயம் பூசாமல் காலைச் சாப்பாட்டுக்கு வரமாட்டார். அவர் மணி அடித்தால் நான் பழக்கதோஷத்தில் "ஓம் அம்மா, வாறன்" என்றபடி ஓடுவேன். அது அவர் காதில் 'ஓமா' என்று விழுந்திருக்கிறது; இங்கே ஜெர்மன் மொழியில் 'ஓமா' என்றால் கிழவி! தன்னை அவமதிப்பதாக முறைப்பாடு செய்துவிட்டார். உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் என்னை வேறு மாடிக்கு மாற்றப் போகிறார்களாம். அவரை விட்டுப்போக எனக்கு மனமில்லை. திட்டினாலும் அழகாகத் திட்டுவார்.

நான் சொன்னால் கேட்கிறார் இல்லை. மொஸ்கோவில் படித்த நீங்கள் ரஷ்ய மொழியில் விளக்கி எழுதித் தாருங்கோ. ஆள் யாரென்று உங்களுக்குத் தெரிய, அறைச் சுவரில் இருக்கும் அவருடைய இளவயதுப் படத்தையும் பிரதி எடுத்து அனுப்புகிறேன்.

பாசமுள்ள தங்கச்சி,
பிளோறன்ஸ்


மன்னார்,
18 மார்ச் 2024

என் அன்புத் தங்கச்சி,

படத்தைப் பார்த்ததும் எழும்பி நின்றுவிட்டேன். மடைச்சி, அது லிதா வெத்ரோவா! ஜெர்மன் பெயரோடு அந்த நாளில் மேடையேற விட்டிருக்கமாட்டார்கள், அதுதான் வேறு பெயர். பால்பண்ணையில் பாடித் தொடங்கி, சோவியத் நாடு முழுவதையும் கட்டிப்போட்ட குரல். டிக்கெட் கிடைக்காமல், மண்டபத்துக்கு வெளியே பனியில் நின்று கேட்டவன் நான்.

அவருக்குத் தலை சீவி விடுவது என் தங்கச்சி! பங்குத்தந்தையில் இருந்து மீன்காரன் வரை சொல்லிவிட்டேன்.

ரஷ்யக் கடிதம் உள்ளே இருக்கிறது. 'ஓம்' என்பது ரஷ்ய மொழியில் ஆமாம் என்னும் 'தா', 'அம்மா' என்பது நாங்கள் மாதாவுக்கே சொல்லும் சொல் என்று எழுதியிருக்கிறேன். பனியில் நின்றதையும் எழுதினேன்.

பெருமையில் தலைகால் தெரியாத
அண்ணை


பீலெஃபெல்ட்,
15 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணை,

லிடியா அம்மா உங்கள் கடிதத்தை வாசித்து அழுது, கலைந்த சாயத்தைத் திரும்பப் பூசிக்கொண்டு, மேலாளரிடம் தானே போனார். "பிளோறன்ஸ் என்னோடுதான்" என்றார். ஜெர்மனிக்கு வந்தபின் வாய் திறந்து பாடாதவர், நேற்று வசந்த விழாவில் பாடுகிறேன் என்றார்.

சாப்பாட்டு மண்டபத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பாட முன்னம் வாசற்கதவைத் திறக்கச் சொன்னார்.

"குளிர் வருமே," என்றேன்.

"வரட்டும். உன் அண்ணன் இன்னும் வெளியில்தான் நிற்கிறார்."

"ஓம் அம்மா" என்று முழு மண்டபத்துக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, போய்க் கதவை அகலத் திறந்துவைத்தேன்.

உங்கள்
பிளோறன்ஸ்