பின்வீட்டு முளைப்பாரி

மார்ச் 22, செவ்வாய்

பங்குனியிலேயே இந்த வெயில். குழாயில் தண்ணீர் இல்லை. அடிகுழாயில் வரிசை. வேலைக்கு லேட்.

இன்று முளைப்பாரி போட்டாயிற்று. வீட்டுக்காரம்மா சரோஜாக்கா முன்வீடு, நாங்கள் பின்வீட்டில் வாடகை. "ஊருக்குள்ள போயிப் போட வேணாம், நம்ம நகர்ப் பொம்பளைகளுக்கு என் வீட்டு ஸ்டோர் ரூமே போதும்" என்று அக்காவே சொல்லிவிட்டார். கம்மாய் மண், எருப்பொடி, பாசிப்பயறு, தட்டாம்பயறு, மொச்சை. எங்கள் வீட்டுக்கும் ஒரு சட்டி. மகள் செல்வி பேரில். அக்கா மகள் உஷாவும் இவளும் ஒரே ஐந்தாம் வகுப்பு, அடுத்த செவ்வாய் கோயில் திருவிழாவில் ஒன்றாய்த் தலையில் தூக்கப் போகிறார்களாம். பாவாடை முடிவாகிவிட்டது. விரதம், அதனால் கவிச்சி கிடையாது. இவர் மட்டும் முகத்தைச் சுளித்தார்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், செல்விக்கு ரிப்பன், எனக்குத் தலைவலி மாத்திரை.

மார்ச் 23, புதன்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலை டூட்டி. காதில் மாட்டினால் ஊர்க்கதை எல்லாம் நமக்கு. ஒரு ஆள் சென்னைக்கு டிரங்க் கால்: "பிளாட்டு வாங்குங்க மாப்ள, திருப்பரங்குன்றத்துக்குப் பக்கம், நல்ல எடம். ஆனா கம்மாய்க்கரைய ஒட்டி மட்டும் வேணாம்." எங்கள் நகரைத்தான் நல்ல இடம் என்கிறான். கனெக்‌ஷனை வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை.

பெரிய ஊர் போலத்தான் பேசுகிறார்கள். மூன்று துண்டு, அவ்வளவுதான். ரயில் கேட்டுக்குக் கிழக்கே ஊர்: கோயில், அரிசி மில், தலைமுறை தலைமுறையாய் விவசாயம். கேட்டுக்கு மேற்கே நகர்: அவர்கள் விற்ற வயலில் பாங்க், வாத்தியார், மில் சூப்பர்வைசர். நகருக்கும் பின்னால் கம்மாய்க்கரைத் தெரு: அந்த வயலில் நாற்று நட்டவர்கள். வயல் போனபின் கொத்து வேலை, நகருக்குச் சாக்கடை வேலை. பஸ் நகர் வளைவோடு திரும்பிவிடும். கம்மாய்க்கரைக்கு நடைதான்.

எங்கள் சனம் பேரையூர்ப் பக்கத்தில் எந்தத் துண்டில் இருக்கும் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. "எந்தூரு?" என்றால் "பேரையூர்ப் பக்கம்." அந்தப் "பக்கம்" ரொம்ப உபகாரமான சொல்.

மார்ச் 24, வியாழன்

அப்பா வந்தார். மஞ்சள் பையில் தட்டாங்காய், செல்விக்குச் சேவு. பஸ் ஸ்டாப்பிலேயே சொல்லி வைத்தேன். தெருப்பேர் வேண்டாம், பண்ணைவேலை பார்த்த கதை வேண்டாம். "எனக்குத் தெரியாதா தாயி" என்றார். நன்றாகத்தான் இருந்தார். ச. அக்காவிடம்கூட மழை, பருத்தி என்று பேசி முடித்துவிட்டார்.

சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கோயில் கமிட்டித் தலைவர் தெருவில் வந்தார், கூட நாலு பேர். அப்பாவுக்கு அவர் யாரென்றே தெரியாது. வெள்ளை வேட்டியும் நடையும் போதுமாக இருந்திருக்கிறது. சட்டென்று எழுந்தார், தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்குப் போனது, முதுகு தானாக வளைந்தது. தலைவர் ஒரு நொடி நின்று பார்த்தார். "உக்காருங்க பெரியவரே" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வாயைப் பூட்டச் சொன்னேன். கைக்குச் சொல்ல மறந்துவிட்டேன். அப்பாவிடம் என்னவென்று கோபிப்பது? ராத்திரிச் சாப்பாட்டில் "நான் எதும் தப்பாப் பேசலயே?" என்று கேட்டார். இல்லைப்பா என்றேன். அதுவும் உண்மைதான்.

மார்ச் 25, வெள்ளி

அப்பா முதல் பஸ்ஸில் போய்விட்டார். துணி ஊறப்போட்டேன். கறிவேப்பிலை தீர்ந்தது.

ச. அக்கா கொல்லையில் நின்று கத்தினார்: "ஏத்தா, ஒஞ் சட்டிதான் எல்லாத்தையும் விட ஓங்கி நிக்கி! இம்புட்டு வளத்தி! வீட்டுல ஏதோ நல்லது நடக்கப் போகுது." செல்வி குதித்தாள். சட்டியில் முளை கருகினால் வீட்டுக்கு ஆகாது, ஓங்கினால் நல்லது. நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. இன்று நம்பினேன்.

சாக்கடை அள்ள வந்த கம்மாய்க்கரை அம்மா செம்பு நீட்டித் தண்ணீர் கேட்டார். ஊற்றினேன். என் முகத்தையே பார்த்தார். "நீங்க எந்தூரும்மா?" பேரையூர்ப் பக்கம் என்றுகூடச் சொல்லாமல் மதுரை என்றேன். "அப்படியா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பயந்து உள்ளே வந்துவிட்டேன்.

மார்ச் 26, சனி

கோயில் கமிட்டிக்காரர்கள் தலைக்கட்டு வரி வாங்க வந்தார்கள். வீட்டுக்கு ஒரு தலைக்கட்டு. வரி கொடுத்தவன்தான் சாமிக்குச் சொந்தம், அவன் வீட்டுச் சட்டிதான் ஊர்வலத்தில் போகும். நகர்க்காரர்களிடமும் போன வருசத்திலிருந்து வாங்குகிறார்கள். பணத்தைத் தட்டில் வெற்றிலையோடு எடுத்து வைத்து, சேலை மாற்றிக்கொண்டு காத்திருந்தேன். வரி கட்ட இப்படி ஏங்கிய பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

முன்வாசலில் பேச்சு. அடுப்படிச் சன்னலில் எல்லாம் கேட்கும்.

"பின்வீடு?"

"வேணாம்ப்பா."

"வாடகைக்கு இருக்கவுகட்டயும் வாங்குறமேண்ணே."

"அதான் அன்னைக்கு வாசல்ல பாத்தம்ல. விடு."

ச. அக்கா குரல் வரவேயில்லை. செருப்புச் சத்தம் அடுத்த வீட்டுக்குப் போனது. தட்டைக் கழுவி வைத்தேன். வெற்றிலையை என்ன செய்வது? இவர் போட்டுக்கொண்டார்.

மார்ச் 27, ஞாயிறு

இவர் "விடு, விடு" என்றுதான் எப்போதும் சொல்வார். இன்று அவரே சட்டை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார், பணத்தோடு. பிள்ளை ஆசைப்படுகிறாளே. ஒரு மணி நேரத்தில் பணத்தோடு திரும்பி வந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"டீ வாங்கிக் குடுத்தாங்க."

"வரி?"

"'இந்த வருசம் கணக்கு முடிஞ்சுபோச்சு, அடுத்த வருசம் பாப்போம் சார்'னாங்க. சார் சார்னு அம்புட்டு மரியாதை."

அடித்திருந்தால் போலீசுக்குப் போகலாம். திட்டியிருந்தால் மனு எழுதலாம். டீ வாங்கிக் கொடுத்தவன்மேல் என்ன எழுதுவது? எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பாத்திரத்தை நங்கென்று வைத்தேன். அது நெளிந்ததுதான் மிச்சம்.

மார்ச் 28, திங்கள்

அரைநாள் லீவு. பால்காரன் வரவில்லை.

நாலு மணிக்கு ச. அக்கா பின்வாசலுக்கு வந்தார். கையில் மல்லிகைப்பூ. கண் வீங்கியிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"செல்வி சட்டி மட்டும் அழுகிப்போச்சுடி. தண்ணி கூடிப்போச்சோ என்னமோ. நான்தேன் கவனிக்காம விட்டுட்டேன்."

"பரவால்லக்கா."

"மனசுல வச்சுக்காத தாயி."

"இல்லக்கா."

அவருக்கும் புருசன், பங்காளி, ஊர் என்று இருக்கிறது. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. பூவை வாங்கிக்கொண்டேன்.

வாளி எடுக்கக் கொல்லைக்குப் போனேன். அவர் மாடு தொட்டியில் எதையோ மென்றுகொண்டிருந்தது. வெளிர் மஞ்சளாய், முழம் நீளத்துக்கு, ஒன்று விடாமல் நல்ல முளை. செல்வி பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் தின்று முடிக்க வேண்டுமே என்று பக்கத்திலேயே நின்றேன். தின்றுவிட்டது.

மார்ச் 29, செவ்வாய்

வெயில். மேளம் மத்தியானத்திலிருந்தே.

எங்கள் தெரு வழியாகத்தான் ஊர்வலம் கம்மாய்க்குப் போனது. உஷா புதுப் பாவாடையில், தலையில் சட்டி, எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் போனாள். இவர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். செல்வி புதுப் பாவாடையைக் கட்டவேயில்லை. காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை, அழவும் இல்லை. அடுப்படிக்கு வந்து என் முந்தானையைப் பிடித்தாள்.

"அம்மா, அடிக்க மாட்டியே?"

"என்னடி?"

"வியாழக்கெழம ரயில் கேட்டுக் கடையில முட்ட போண்டா தின்னேன். விரதம்னு தெரிஞ்சும். அதான் நம்ம சட்டி அழுகிருச்சு."

தனியாகவா தின்றாய் என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

"உஷாவும்தான் தின்னா." நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள். அப்போ உஷா சட்டி ஏன் அழுகவில்லை என்று கேட்கப் போகிறாளோ என்று பயந்தேன். பிறகு அவளே சொன்னாள்: "ஆனா அவ பாதிதான் தின்னாம்மா. நான் முழுசு."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இவர் ரேடியோவை நிறுத்திவிட்டார். சொல்லலாம். பத்து வயது. இன்றைக்கே சொல்லலாம்.

"தப்பு என்மேலதானம்மா?"

ஆமா, அடுத்த வருசம் தின்னாத என்றேன். அவளுக்கு முகம் தெளிந்துவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.