உங்கள் கதிரையில் யார் பேர்?

என் அன்ரன் அண்ணைக்கு,

நீங்கள் போய் நாலு மாதமாகிறது. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் பிளாட்டைக் கவுன்சிலுக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கிற்றார் கிங்ஸ்பரியில், என் வீட்டுச் சோபாவுக்குப் பின்னால் நிற்கிறது. தூசி தட்டுகிறேன். அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

போன ஞாயிறு உங்கள் லூயிஷாம் கிளப்புக்குப் போனேன். நம்பமாட்டீர்கள், தெரியும். நீங்கள் இருந்தபோது நான் அங்கே வந்தது இரண்டே தடவை. ஒரு பப்பின் பின்னறை, தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கிழவர்கள், சுவர் முழுக்க அந்தக் காலத்தில் வந்து பாடிய பெரிய ஆட்களின் படங்கள். உங்கள் கன்ட்ரி மியூசிக் பாட்டுகளில் ஒருவரும் வீட்டில் இருப்பதே இல்லை, எல்லாரும் றெயிலில் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறார்கள். நடுவில் நீங்கள், கிற்றாரை மடியில் கிடத்தி, இரும்புத் துண்டைக் கம்பியில் இழுத்துக்கொண்டு. "பிள்ளையைக் குளிப்பாட்டுறியளோ அண்ணை?" என்று கேட்டேன். "ஓம், அதுவும் அழுகுதுதானே" என்றீர்கள்.

மாதத்தின் மூன்றாம் ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பத்தொன்பது வருடமாக நீங்கள் அங்கே விருந்தினர். அங்கத்தவர் இல்லை. பத்தொன்பது வருடம் வந்து போகிற ஆளை யாராவது விருந்தாளி என்பார்களா?

கிளப்பை நடத்தும் பிரெண்டாதான் எனக்குப் போன் எடுத்தாள். நீங்கள் இருந்து வாசித்த கதிரையில் பித்தளைத் தகடு ஒன்று பூட்டப்போகிறார்களாம். என்ன பேர் பொறிப்பது என்று கேட்டாள்.

எனக்குப் பழைய கோபம் வந்தது. அங்கே உங்களை எல்லாரும் 'சவி' என்றுதான் கூப்பிடுவார்கள். சவிரிமுத்து அப்பாவின் பேர். நாங்கள் தகப்பன் பேரை முன்னால் எழுதுவோம், இந்த நாட்டில் முன்னால் நிற்பதுதான் ஆளின் பேர். ஆஸ்பத்திரியிலும் வேலையிலும் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் நடக்கிற கூத்துத்தான். மற்றவர்கள் திருத்திவிடுவார்கள். நீங்கள் திருத்தவில்லை.

தபால் கந்தோரில் கிளாக்கராக இருந்த அப்பா, நீங்கள் முதன்முதலில் ஒரு கல்யாண வீட்டுக்குக் கிற்றார் வாசிக்கப் போன அன்று, "என்ர பேரைச் சந்திக்கு இழுக்காதை" என்றார். அதற்குப் பிறகு சாகும்வரை உங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதனால்தான் மாதம் தவறாமல் பப்பில், மைக்கில், அவர் பேரை ஏலம் போடுகிறீர்கள் என்று நினைத்தேன். பழி தீர்க்கிறீர்கள் என்று இத்தனை வருடமும் நினைத்தேன்.

அப்பா உங்களிடம் பறித்தது போதும், கதிரையாவது உங்களுடையதாக இருக்கட்டும் என்று 'அன்ரன்' என்பதைப் பெரிய இங்கிலிஷ் எழுத்தில் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனேன்.

பிரெண்டா அதை வாசித்துவிட்டு மேசையில் வைத்தாள். அதுதான் உங்கள் பேர் என்று அவளுக்கு முதல் வருடமே தெரியுமாம். மைக்கில் திருத்திச் சொல்லட்டுமா என்று கேட்டாளாம். நீங்கள் சொன்ன பதிலை அவள் இங்கிலிஷில் சொன்னாள், எனக்கு உங்கள் குரலில்தான் கேட்டது: "அது அப்பான்ர பேர். சீவியம் முழுக்கக் கவுண்டருக்குப் பின்னால நிண்ட மனிசன். அவருக்கு ஒருத்தரும் ஒரு நாளும் கை தட்டினதில்லை. அப்பிடியே கூப்பிடுங்கோ."

அங்கத்தவர் பட்டியலில் சொந்தப் பேர் வந்துவிடும் என்றுதான் படிவத்தையும் கடைசிவரை நிரப்பவில்லையாம்.

நான் அழுதேன் அண்ணை. உங்கள் செத்தவீட்டில்கூட அப்படி அழவில்லை. தொப்பிக்காரர் ஒருவர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பிரெண்டாவுக்குத் தெரிந்தது எனக்கு எப்படித் தெரியாமல் போனது? கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களோ? இல்லை, கிற்றார் பக்கம் கதையைத் திருப்பியிருப்பீர்களோ?

துண்டை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன். சவி என்றே போடட்டுமா என்றாள். மாட்டேன் என்றேன். சவிரிமுத்து என்று முழுதாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி எழுதுவித்தேன். அப்பாவின் பேர் சந்திக்கு வந்துவிட்டது. இனி நீங்களும் அவரும் அங்கே இருந்து கதைத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

வருகிற மூன்றாம் ஞாயிறு தகடு பூட்டுகிறார்கள். முழங்கால் விட்டாலும் விடாவிட்டாலும் போவேன். பேரை வாசித்ததும் முதலில் கை தட்டுகிறவள் நானாகத்தான் இருப்பேன். ஒரு கை அவருக்கு, மற்றக் கை உங்களுக்கு.

சவிரிமுத்துவின் மற்றப் பிள்ளை,
உங்கள் தங்கச்சி றீற்றா