செங்கல் தாங்கும் பிளாஸ்திரி

14 ஜூன் 1966, செவ்வாய்

மழை. எட்டுப் பேருக்குக் காய்ச்சல் மாத்திரை. பஞ்சு தீரப்போகிறது, எழுதிப்போட வேண்டும்.

15 ஜூன்

பொன்னம்மாக்காவைப் பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். மரம் வெட்டும் காம்ப்பில் சமைப்பவள். தண்ணீர் எடுக்கப் போய்ச் சரிவில் வழுக்கி, வெட்டிப்போட்ட கட்டைமேல் விழுந்திருக்கிறாள். "டாங் டூட் கயா, சிஸ்டர்ஜி", கால் ஒடிந்துவிட்டது என்றார்கள் தூக்கி வந்த ராஞ்சிக்காரர்கள். பார்த்ததுமே தெரிந்தது, வலது தொடை எலும்பு முறிவு. கால் இரண்டு விரற்கடை குட்டையாகித் திரும்பிக் கிடக்கிறது.

கடல் மோசம். போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பத்து நாளைக்கு போட் இல்லை என்று ஒயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டார்கள். அதுவரை எடை தொங்கவிட்டுக் காலை இழுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் குட்டையாகவே கூடிவிடும்.

காம்ப் மேஸ்திரி ஜம்புலிங்கம், "குழந்தைவேலுக்குக் கட்டுன மாதிரியே கணுக்கால்ல கயித்தப் போட்டுரலாம் சிஸ்டர்" என்றார்.

குழந்தைவேலு பொன்னம்மாக்காவின் புருஷன். வலிக்கு ஊசி போட்டு, பலகை வைத்துக் கட்டிவிட்டு வெளியே வந்து நின்றேன்.

16 ஜூன்

இந்த நோட்டில்கூட இதை இதுவரை எழுதியதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் இதே கட்டிலில், இதே முறிவோடு குழந்தைவேலு கிடந்தார். கணுக்காலில் கயிற்றை இறுக்கி இரண்டு செங்கல் தொங்கவிட்டது நான்தான். "விரலு மரத்துக் கெடக்கு சிஸ்டர்" என்றார். முறிந்த கால் அப்படித்தான் இருக்கும் என்றேன். மூன்று தடவை சொன்னார். மறுநாள் பாதம் கறுத்திருந்தது. நான்காம் நாள் போட்டிலேயே செத்துப்போனார். என் ரிப்போர்ட்டில் கயிற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

நேற்றிலிருந்து அந்தக் குரல் அறைக்குள்ளேயே இருக்கிறது. மருந்து எடுக்கத் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் — மரத்துக் கெடக்கு.

கயிறு வேண்டாம். பிளாஸ்திரி ஒட்டி இழுப்பதைப் பயிற்சியில் பார்த்திருக்கிறேன், செய்ததில்லை. ஸ்டோரில் அகலச் சுருள் இரண்டு இருக்கின்றன. ஒட்டுகிற துணி ஒரு செங்கல்லைத் தாங்குமா? இந்த ஈரத்திலா?

என் காலிலேயே ஒட்டிப் பார்த்தேன். முதல் தடவை கால் மணி நேரத்தில் வழுக்கிச் செங்கல் தரையில். வேர்வை. மறுபடி காலை மழித்து, சோப்புப் போட்டுத் துடைத்து, பிசுபிசுக்கிற டிங்ச்சர் பென்சாயின் மருந்தைப் பூசி, காய்ந்த பிறகு காலின் இரண்டு பக்கமும் நீளமாக ஒட்டினேன். ஓரத்தில் நகம் கொடுத்தால் சுலபமாக உரிகிறது. ஆனால் நீளவாட்டில் இழுத்தால் அசையவில்லை. அப்படியானால் ஒட்டியிருக்கிற நீளம்தான் எடையைத் தாங்குகிறது. ஓரம் தூக்கக் கூடாது, அவ்வளவுதான். பாதத்தடியில் சின்னப் பலகை வைத்துப் பட்டையை விரித்தேன், கணுக்காலில் இறுக்கம் இல்லை.

நாலு மணி நேரம் தொங்கியது. விரல்கள் சூடாகவே இருந்தன.

17 ஜூன்

அக்காவுக்கு ஒட்டினேன், தொடைவரை. ஒரு செங்கல். பிறகு இன்னொரு அரைச் செங்கல்.

18 ஜூன்

தாங்குகிறது. மணிக்கொரு தடவை விரல் பார்க்கிறேன்.

19 ஜூன், ஞாயிறு

"எத்தன தடவதான் விரலத் தொட்டுப் பாப்பீங்க? அவருக்கு இப்படிப் பாக்கலியே" என்றாள். சும்மாதான் கேட்டாள்.

சொல்லிவிட்டேன். கயிறு, மரத்துப்போனது, ரிப்போர்ட், எல்லாம்.

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். எழுந்து போக முடியாதவளிடமா சொல்வது? அவள் கால் என் கையில் இருக்கும்போதா? என்ன பொம்பளை நான்.

திரும்பாமலே, "மூணு தடவயா சொன்னாரு?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"ஒரு தடவ சொன்னத மறுபடி சொல்ற ஆளில்ல அவரு."

20 ஜூன்

நான் கொடுத்த கஞ்சியைத் தொடவில்லை. மேஸ்திரி வீட்டுப் புஷ்பம் வந்து ஊட்டினாள்.

22 ஜூன்

"உள்பக்கம் ஓரம் தூக்குது." மூன்று நாளில் என்னிடம் பேசியது இது ஒன்றுதான். பார்த்தால் உண்மை, இரண்டு அங்குலம் விட்டிருந்தது. உரித்துப் புதிதாக ஒட்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

26 ஜூன்

போட் வந்தது. அளந்து பார்த்தேன், இரண்டு காலும் ஒரே நீளம். பிளாஸ்திரியோடும் செங்கல்லோடும் கட்டிலையே தூக்கி ஏற்றினோம். அதே போட்டில் என் கடிதமும் போகிறது, பெரிய டாக்டருக்கு. குழந்தைவேலு எதனால் செத்தார் என்று.

படகுத்துறையில் நின்றேன். அக்கா கண்ணை மூடியிருந்தாள்.

11 ஆகஸ்ட்

பதில் இல்லை. மரத்துக் கெடக்கு, மரத்துக் கெடக்கு.

29 நவம்பர்

குழந்தைவேலு சாவைப் பற்றிய விசாரணைக்கு வரச் சொல்லிக் காகிதம் வந்துவிட்டது. அடுத்த வாரம் போர்ட் பிளேயரில்.

போன வாரமே திரும்பி வந்துவிட்ட பொன்னம்மாக்கா இன்று டிஸ்பென்சரி வாசல்வரை வந்தாள். உள்ளே வரவில்லை. தனக்கும் காகிதம் வந்திருப்பதாகச் சொன்னாள்.

"ஒரே போட்டுதான். நீங்க பின்னால உக்காருங்க சிஸ்டர். நான் முன்னால உக்காந்துக்கறேன்."

சரி அக்கா என்றேன்.

சரிவில் இறங்கிப் போனாள். நொண்டவில்லை.