ரங்கூன் படிப்பு செல்லாது என்றார்கள்

அக்கா,

நேற்று என் தங்கையின் பேத்தி ஒரு காகிதத்தை அச்செடுத்துக்கொண்டு வந்து என் மடியில் போட்டாள். செம்பூரில் ஆறு வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் இங்கே படித்த படிப்பு அங்கே செல்லுமா என்று பார்க்க வேண்டுமாம். பாடத்திட்டம் வேண்டும், வகுப்பறையில் எத்தனை மணி நேரம் பயிற்சி எடுத்தாள் என்று வேண்டும், இரண்டிலும் கல்லூரி முதல்வரின் கையெழுத்து வேண்டும். "நான் படிச்ச காலேஜையே மூடிட்டாங்க பாட்டி, யார்கிட்ட போய்க் கேக்கறது?" என்றாள்.

கோபத்தோடு அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். இதே மூன்று வரிகளை அறுபதுகளில் உங்கள் முகவரிக்கு நான் டைப் அடித்து அனுப்பியிருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. கோட்டைப் பக்கம் இருந்த கல்வி அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அந்த மாடியில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஜூன் மாதம், நல்ல மழை. சூப்பிரண்ட் என்னைக் கூப்பிட்டு, "ஒரு மதராஸி பாயி வந்திருக்கிறாள், என்ன வேண்டுமென்று கேள்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்களே இங்கிலீஷில் பேச ஆரம்பித்துவிட்டீர்கள். அவருடைய இங்கிலீஷைவிட உங்களுடையது சுத்தமாக இருந்தது. அவருக்கு அதுவே முதல் குற்றமாகப் பட்டிருக்க வேண்டும்.

ரங்கூனில் பிறந்தவர் நீங்கள். அப்பா அம்மா பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து போனவர்கள். அங்கே ஒரு மிஷன் கல்லூரியில் சிறு பிள்ளைகளுக்கான ஆசிரியப் பயிற்சி இரண்டு வருடம் படித்து, ஒன்பது வருடம் வேலையும் பார்த்தீர்கள். நம்மவர்கள் பர்மாவை விட்டுக் கிளம்ப வேண்டி வந்தபோது கப்பலேறி, தாராவியில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்த உங்கள் அண்ணன் வீட்டுக்கு வந்தீர்கள். இதையெல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்தது மேஜைமேல் நீங்கள் விரித்துவைத்த சான்றிதழ் மட்டும்.

சூப்பிரண்ட் அதைத் தொடக்கூட இல்லை. "ரெண்டு வருஷம் இதில் என்ன படிப்பு? பிள்ளைகளுக்குப் பாட்டுப் பாடுவதற்கா?" என்று சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள்.

நீங்கள் சிரிக்கவில்லை. "நாலு வயதுப் பிள்ளை ஏன் கடிக்கிறது என்று படித்தேன். ஏன் பேசாமல் இருக்கிறது என்று படித்தேன். தெரியாதவர்கள் அடிப்பார்கள். அடிக்காமல் இருப்பதற்குத்தான் இரண்டு வருடம்" என்றீர்கள்.

அவர் முகம் இறுகியது. வெளிநாட்டுச் சான்றிதழ், பாடத்திட்டமும் பயிற்சி நேரமும் அந்தக் கல்லூரியிலிருந்தே வர வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் வராந்தா வரை உங்களோடு வந்தேன். குடையை விரித்துக்கொண்டே, "ஏட்டி, நீ தமிழ்ப் பிள்ளைதானா? இம்புட்டு நேரம் வாயத் தொறக்காம நின்னியே" என்றீர்கள்.

தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளி உங்களை எடுத்துக்கொண்டது. பள்ளியின் செயலாளர் உங்கள் அப்பாவுக்குப் பக்கத்து ஊர்க்காரர். "அங்கீகாரம் வரட்டும்மா. அதுவரைக்கும் பதிவேட்டுல ஆயான்னு போட்டுக்கிடுதேன். பாடத்த நீங்களே எடுங்க" என்றாராம். பாடம் எடுக்க வேண்டும், சம்பளமும் பெயரும் ஆயாவுக்கு. இதில் அவருக்கு ஒரு உறுத்தலும் இருக்கவில்லை. உங்களுக்கு உபகாரம் செய்ததாகவே கடைசி வரை நினைத்தார்.

உங்கள் விண்ணப்பத்தில் பள்ளியின் பெயரைப் பார்த்து, ஒருநாள் லீவு போட்டுவிட்டு உங்கள் வகுப்பைப் பார்க்க வந்தேன். மாட்டுங்காவில் எங்கள் வீட்டிலிருந்து ரயில் பாலத்தைத் தாண்டினால் நடக்கிற தூரம்தான். "தாராவிக்கா? அங்க உனக்கு என்னடி வேலை?" என்று அம்மா வாசல் வரை வந்து கேட்டாள். பிறந்ததிலிருந்து மாட்டுங்காவில் இருந்தும் அந்தப் பாலத்தை நான் அதற்குமுன் தாண்டியதில்லை.

தகரக் கூரை போட்ட ஒரே அறை, நாற்பது பிள்ளைகள். கரும்பலகையைக் கழற்றிப் பிள்ளைகளின் உயரத்துக்கு இறக்கி ஆணியடித்திருந்தீர்கள். செயலாளர் அதற்கும் சண்டை போட்டாராம், டீச்சர் குனிந்தா எழுதுவது என்று. அண்ணன் வேலை செய்த ஷாப்பில் கழித்துப் போடும் தோல் துண்டுகளை வாங்கி, வட்டமும் சதுரமுமாக வெட்டி வைத்திருந்தீர்கள். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்து எது வழவழப்பு, எது சொரசொரப்பு என்று சொல்ல வேண்டும். இசக்கியம்மாள் என்று ஒரு நாலு வயதுக் குழந்தை, பள்ளியில் சேர்ந்த நாள்முதல் ஒரு வார்த்தை பேசியதில்லை. நீங்கள் அவளைப் பேசச் சொல்லவே இல்லை. தினமும் பக்கத்தில் உட்காரவைத்துத் துண்டுகளை மட்டும் கொடுத்தீர்கள். நான் வந்திருந்த அன்று அவள் ஒன்றைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "இது நல்லாருக்கு" என்றாள். அறையே திரும்பிப் பார்த்தது. நீங்கள் ஆச்சரியத்தைக் காட்டிக்கொள்ளாமல், "ஆமாம், நல்லாருக்கு" என்று அடுத்த துண்டை நீட்டினீர்கள். இந்தப் படிப்புக்குத்தான் எங்கள் அலுவலகம் பாடத்திட்டம் கேட்டுக்கொண்டிருந்தது.

ரங்கூனுக்கு நீங்கள் எழுதிய கடிதங்களுக்கு என்ன பதில் வரும்? கல்லூரியை அரசாங்கம் எடுத்துக்கொண்டுவிட்டது, உங்களுக்குப் பாடம் சொன்னவர்கள் யாரும் அங்கே இல்லை. ஒரு கடிதம் மட்டும் புரியாத முத்திரை ஒன்றோடு திரும்பி வந்தது. அந்த உறையையே விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுத்தீர்கள். 'விவரம் வராத நிலையில் பரிசீலிக்க இயலாது' என்று எங்கள் அலுவலகம் பதில் எழுதியது. சரி, இங்கேயே மறுபடியும் படித்துவிடுகிறேன் என்று பயிற்சிப் பள்ளியில் இடம் கேட்டீர்கள். வயது கடந்துவிட்டது என்று அதற்கும் ஒரு கடிதம். படித்தது செல்லாது, திரும்பப் படிக்கவும் வயதில்லை. இரண்டையும் டைப் அடித்தவள் நான்தான். இரண்டுக்கும் கீழே 'தங்கள் உண்மையுள்ள' என்று வேறு அடித்தேன்.

இதற்கு நடுவில் உங்கள் வகுப்புக்கு ஆசிரியை என்று செல்வமணியைப் போட்டார்கள். பத்தொன்பது வயது, உள்ளூர்ச் சான்றிதழ். முதல் நாளே நாற்பது பிள்ளைகளைப் பார்த்து அவள் அழுதுவிட்டாளாம். அவள்மேல் எனக்கு வந்த கோபம் உங்களுக்கு வரவில்லை. "அவ என்னட்டி செய்வா, பாவம். அவளுக்கும் சேத்துச் சொல்லிக்கொடுக்கேன்" என்றீர்கள். இன்ஸ்பெக்டர் வந்து வகுப்பைப் புகழ்ந்தபோது செயலாளர் செல்வமணியைக் கைகாட்டினார். நீங்கள் பின்னால் பிள்ளைகளுக்குக் கை கழுவிவிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் வந்து மூன்று வருடம் கழித்து, ஒரு மழையில் எங்கள் ரிக்கார்டு அறை ஒழுகியது. நனைந்த கோப்புகளைப் பிரித்து உலர்த்தும் வேலை எனக்கு வந்தது. அப்போதுதான் அந்தச் சுற்றறிக்கை கையில் கிடைத்தது. பர்மாவிலிருந்து திரும்பி வந்த ஆசிரியர்கள், தாங்கள் படித்த கல்லூரியிலிருந்து விவரம் பெற முடியாவிட்டால், நோட்டரி முன் ஓர் உறுதிமொழியும், அங்கே அவர்கள் ஆசிரியராக வேலை பார்த்ததை நேரில் அறிந்த ஒருவரின் வாக்குமூலமும் கொடுத்தால் போதும். அவ்வளவுதான். எங்கள் மேல் அலுவலகமே அனுப்பியது. மூன்று வருடமாக எங்கள் அலமாரியிலேயே இருந்திருக்கிறது.

ஈரத்தோடு அதைக் கொண்டுபோய் சூப்பிரண்ட் மேஜையில் வைத்தேன். அவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு இழுப்பறைக்குள் தள்ளினார். "டைப் அடிப்பதுதான் உன் வேலை. படிப்பது இல்லை" என்றார்.

அலுவலகத்தில் இன்னொரு பிரதி இருந்தது. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது அதைப் பார்த்து ஒரு நகல் அடித்து எடுத்துக்கொண்டு தாராவிக்கு வந்தேன். நீங்கள் இரண்டு முறை படித்தீர்கள். பிறகு மெதுவாக, "கோவண்டியில காசிம் பாய் இருக்காரு" என்றீர்கள்.

காசிம் பாய் ரங்கூனில் துணிக்கடை வைத்திருந்தவர். கோவண்டியில் தகரப்பெட்டிப் பட்டறை போட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு சட்டையை மாட்டினார். நோட்டரியிடம் இருந்த குமாஸ்தா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீ எதுவரை படித்திருக்கிறாய் என்று இந்தியில் கேட்டான். "நான் படிக்கலைப்பா. எம் பிள்ளைங்க மூணும் இந்தம்மாகிட்ட படிச்சிருக்கு. சாட்சிக்கு அது பத்தாதா?" என்று தமிழிலேயே பதில் சொன்னார் பாய். நான் அதை இந்தியில் சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்கு என் குரல் நன்றாகவே எழும்பியது.

அந்தத் தாள்களை சூப்பிரண்டிடம் கொடுக்காமல், அவருக்கு மேலிருந்த அதிகாரியின் அறைக்கே நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். அவர் படித்துவிட்டு சூப்பிரண்டைக் கூப்பிட்டார்; கோப்பைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். இந்தச் சுற்றறிக்கை ஏன் என் பார்வைக்கு வரவில்லை என்று அதிகாரி கேட்டார். "யாரும் என் கவனத்துக்குக் கொண்டுவரவில்லை சார்" என்றார் சூப்பிரண்ட், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. கண்கூடச் சிமிட்டவில்லை. இரண்டே வாரத்தில் உங்களுக்கு உத்தரவு வந்தது. இரண்டு வாரத்தில் முடிகிற காரியத்துக்கு மூன்று வருடம்! உத்தரவிலும் ஒரு வரி சேர்த்திருந்தார்கள், அங்கீகாரம் உத்தரவு தேதியிலிருந்தே செல்லுமாம். அதற்கு முன்னால் அந்த அறையில் நடந்ததெல்லாம் யார் செய்தது?

நீங்களும் அதைத்தான் கேட்டீர்கள். உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு செயலாளரிடம் போய், "பதிவேட்ட எடுங்க" என்றீர்கள். நானும் கூட நின்றேன்.

"எதுக்கும்மா? அதான் டீச்சர் ஆயாச்சுல்லா?"

"மூணு வருசம் ஆயான்னு எழுதியிருக்கீங்க. அதத் திருத்துங்க."

"ஆயான்னா கேவலமாம்மா?"

"கேவலம்னு யாரு சொன்னா? ஆயா வேலையும் நான்தான் செஞ்சேன், டீச்சர் வேலையும் நான்தான் செஞ்சேன். ரெண்டையும் எழுதுங்க. பாதிய எழுதிட்டு பாதிய விட்டா அது பொய்யில்லையா?"

அடித்துத் திருத்தினால் ஆடிட்டில் கேட்பார்கள் என்றார் அவர். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த செல்வமணி உள்ளே வந்தாள். "சார், எனக்கே அக்காதான் சொல்லிக்கொடுத்தாங்க. வேணும்னா நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்" என்றாள். அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். செயலாளர் அதைப் பதிவேட்டில் குண்டூசியால் குத்தி வைத்தார், ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. அதற்குப்பிறகு இருபது வருடத்துக்கு மேல் அந்தப் பள்ளியில் நீங்கள் ஆசிரியையாக இருந்தீர்கள். ஓய்வு பெறும்போது அந்த மூன்று வருடத்தை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

சூப்பிரண்ட் மாலையும் தேநீர் விருந்துமாக ஓய்வு பெற்றார். என்னை மட்டும் தபால் பிரிவுக்கு மாற்றினார்கள், உறை ஒட்டுவதற்கு. "எனக்காக உன் வேலையக் கெடுத்துக்கிட்டியேட்டி" என்று நீங்கள் பல வருடம் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டீர்கள். யார் வந்தாலும் என்னைக் காட்டி, "இந்தப் பிள்ள இல்லேன்னா எனக்கு ஏது வேல" என்பீர்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்தீர்கள்.

அக்கா, அந்தச் சுற்றறிக்கையின் கீழே இடது மூலையில், டைப் அடித்தவரின் முதலெழுத்துகள் இருக்கும் இடத்தில், என் முதலெழுத்துகள் இருந்தன. அது எங்களுக்கு வந்தது ஏப்ரலில். நீங்கள் குடையோடு வந்தது அதே வருடம் ஜூனில். மேல் அலுவலகத்திலிருந்து வந்ததைப் பார்த்துப் பிரதிகள் அடித்தவள் நான்தான். ஒரு பிழையில்லாமல் அடித்திருக்கிறேன், ஒரு வரியும் மனதில் ஏறவில்லை. படிப்பது உன் வேலை இல்லை என்று அவர் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, அவர் சொன்னது என் விஷயத்தில் நிஜமாக இருந்ததால்தான்.

இதை உங்களிடம் சொல்ல எனக்கு எத்தனையோ வருடம் இருந்தது. கடைசியாக ஆஸ்பத்திரியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் சொல்லவில்லை. நீங்கள் நர்ஸிடம் என்னைக் காட்டி, அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

சூப்பிரண்ட்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. செயலாளர்மேலும் தீரவில்லை. ஆனால் அவர்களை நினைக்கும்போதெல்லாம் அந்த இடது மூலை முதலில் வந்து நிற்கிறது. சுத்தமாக, மை சிதறாமல், என் இரண்டு எழுத்துகள்.